மெதுவாக ஓடுகிறதா, காத்துக் கிடக்கிறதா?

கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்மில் பலரிடம் ஒரே பதில்தான் தயாராக இருக்கும். "ராம் கூடுதலாகப் போடுங்கள்" என்போம். இல்லையென்றால் "மெஷினை மாற்றிவிடுங்கள்" என்போம். நானும் பல வருடங்களாக இதைச் சொல்லி வந்தவன்தான். இப்படி ஒரு யோசனையைக் கேட்டு என் தாய்மாமா 52,000 ரூபாய் செலவு செய்ய இருந்தார். அந்தச் செலவு தேவையே இல்லை என்று எனக்குத் தெரிந்தது மாலை ஐந்தரை மணிக்கு. அன்று நான் கற்றுக்கொண்டதைப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் உங்களிடம் பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

மாமா ஒரு சிறிய ஊரில் மொத்த மருந்து ஏஜென்சி நடத்துகிறார். சுற்று வட்டாரத்து மெடிக்கல் ஷாப்புகளுக்கு மருந்து அனுப்புவது தொழில். ஒரு நாளைக்குச் சுமார் 250 பில். பில்லுக்குப் பத்து வரி என்று வைத்தால் 2,500 வரி. வருடத்தில் 300 நாள், 12 வருடம். கணக்குப் போட்டுப் பாருங்கள், 90 லட்சம் வரிகள்! அத்தனையும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஒரே டேபிளில் இருக்கின்றன. உள்ளூரில் சாப்ட்வேர் எழுதும் தம்பி ஒருவர் அந்த பில்லிங் புரோகிராமைச் செய்து கொடுத்திருந்தார்.

மருந்துத் தொழிலில் பேட்ச் நம்பர் முக்கியம். தரமில்லை என்று சோதனையில் தெரியவந்த மருந்துகளின் பட்டியலை மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் வெளியிடுகிறது. கம்பெனிகளும் சில சமயம் இன்ன பேட்சைத் திரும்ப அனுப்புங்கள் என்று கடிதம் போடும். அப்போது அந்த பேட்ச் எந்தெந்தக் கடைக்குப் போனது என்று உடனே தேடியாக வேண்டும். நோயாளியின் கைக்குப் போய்விட்டால் ஆபத்து. மாமாவின் கம்ப்யூட்டரில் ஒரு பேட்ச் நம்பரைத் தேட ஆறு, ஏழு நிமிடம் ஆனது. பத்து பேட்ச் என்றால் ஒரு மணி நேரம் போய்விடும்.

"பேட்ச் நம்பருக்கு ஒரு இன்டெக்ஸ் போட்டால் சரியாகிவிடும் சார்" என்றார் அந்தத் தம்பி. மதியம் ஒரு மணிக்கு, சாப்பாட்டு நேரத்தில், போனில் அவர் சொல்லச் சொல்ல கடைப் பையன் கட்டளையைக் கொடுத்தான். ஒரு மணி நேரம் ஆயிற்று, முடியவில்லை. அதோடு பில் போடுவதும் நின்றுபோயிற்று. மாமா எனக்குப் போன் செய்தார்.

"என்ன மாப்ளே, கம்ப்யூட்டர் அப்படியே செத்த மாதிரி நிக்குதே!"

"மாமா, 90 லட்சம் வரி. உங்க மெஷின் ரொம்பப் பழசு. தாங்காது. புதுசு ஒண்ணு வாங்கிடுங்க."

அவ்வளவுதான். மெஷினைப் பார்க்காமல், ஒரு கேள்விகூடக் கேட்காமல் சொன்ன யோசனை. அவரும் விலை விசாரித்து 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டார்.

மொய் நோட்டும் இன்டெக்ஸும்

கதையைத் தொடரும் முன் இன்டெக்ஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். கல்யாண வீட்டில் மொய் நோட்டு எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். வருகிறவர்கள் வரிசையில் பெயரும் பணமும் எழுதப்படும். அடுத்த வருடம் முருகேசன் வீட்டுக் கல்யாணம் வருகிறது. அவர் நமக்கு எவ்வளவு செய்தார்? முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டியதுதான். டேட்டாபேஸும் இன்டெக்ஸ் இல்லாத டேபிளில் இப்படித்தான் தேடுகிறது. 90 லட்சம் வரிகளையும் ஒவ்வொன்றாகப் படிக்கிறது.

இதற்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு துண்டுச் சீட்டு எடுத்து, பெயரையும் நோட்டில் அது இருக்கும் பக்கத்தையும் எழுதி, சீட்டுகளை அகர வரிசையில் அடுக்கி வைத்துவிட்டால் போதும். பிறகு எந்தப் பெயரையும் நொடியில் எடுக்கலாம். இன்டெக்ஸ் என்பது இந்தச் சீட்டுக் கட்டுதான். இதை அடுக்கி வைக்க இன்றைய டேட்டாபேஸ்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது பி-ட்ரீ என்ற அமைப்பு. போயிங் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த ருடால்ப் பேயர், எட்வர்ட் மெக்ரெய்ட் என்ற இருவர் 1970-ல் இதை அறிமுகம் செய்தார்கள். ஐம்பது வருடங்களைத் தாண்டியும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆக, இன்டெக்ஸ் உருவாக்குவது என்றால் மூன்று வேலைகள். நோட்டு முழுவதையும் ஒரு முறை படிக்க வேண்டும். சீட்டுகளை வரிசைப்படுத்த வேண்டும். வரிசையான கட்டை டிஸ்க்கில் எழுதி வைக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னால் நான்காவதாக ஒன்று இருக்கிறது. நோட்டு நம் கைக்கு வர வேண்டும்! அன்று மாமா கடையில் பிரச்சினை இந்த நான்காவது இடத்தில்தான் இருந்தது.

டாஸ்க் மேனேஜர் சொன்ன உண்மை

மாலை ஐந்தே கால் மணிக்கு நான் கடைக்குப் போனேன். பையன்கள் பழைய பில் புத்தகத்தில் கையால் பில் எழுதிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நான்கு மெடிக்கல் ஷாப்காரர்கள் நின்றார்கள். ஒரு பையன் மெயின் ஸ்விட்சை அணைத்துப் போடலாமா என்று கேட்டான். வேண்டாம் என்று தடுத்தேன். அன்று நான் செய்த முதல் நல்ல காரியம் அதுதான்.

கீபோர்டில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினேன். விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் திறந்தது. அதில் சிபியு, மெமரி, டிஸ்க் ஆகியவை எவ்வளவு வேலை செய்கின்றன என்று சதவீதத்தில் காட்டும். 90 லட்சம் வரிகளைப் படித்து வரிசைப்படுத்துகிற ஹார்ட் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க வேண்டும். அங்கே டிஸ்க் 2 சதவீதம்! சிபியுவும் அப்படியே. வேலை செய்கிற மெஷினின் லட்சணம் இதுவல்ல. நாலேகால் மணி நேரமாக அது சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து மைஎஸ்க்யூஎல் கட்டளைத் திரையில் 'ஷோ ஃபுல் பிராசஸ்லிஸ்ட்' என்று கொடுத்தேன். டேட்டாபேஸில் யார் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்ற பட்டியல் வந்தது. இன்டெக்ஸ் கட்டளைக்கு எதிரே 'வெயிட்டிங் பார் டேபிள் மெட்டாடேட்டா லாக்' என்று இருந்தது. நேரம் 15 ஆயிரத்துச் சொச்சம் வினாடி. அதன் கீழே பில்லிங் கட்டளைகள் எல்லாம் அதே வாசகத்தோடு வரிசையில் நின்றன. இன்னொரு வரியில் 'ஸ்லீப்' என்று போட்டு 24 ஆயிரத்துச் சொச்சம் வினாடி காட்டியது. அது குடோனில் இருக்கும் கம்ப்யூட்டரின் இணைப்பு.

குடோனுக்குப் போய்ப் பார்த்தால், காலை பத்தரை மணிக்கு யாரோ ஒரு பழைய பில்லைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள். அந்தத் திரை டேட்டாபேஸில் ஒரு டிரான்சாக்‌ஷனைத் தொடங்கியது, முடிக்கவில்லை. பாதியில் நிற்கும் டிரான்சாக்‌ஷன் அந்த டேபிளின் அமைப்பை யாரும் மாற்றாதபடி பிடித்து வைத்திருக்கும். மொய் நோட்டை ஒருவர் மடியில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்ட மாதிரி. சீட்டு எழுத வந்தவர் அவர் எழுந்திருக்கட்டும் என்று நிற்கிறார். அவருக்குப் பின்னால் மொய் எழுத வந்தவர்கள் எல்லாம் நிற்கிறார்கள். பில்லிங் நின்றுபோனதற்கும் இதுதான் காரணம்.

இப்படி எவ்வளவு நேரம் காத்திருக்கும் தெரியுமா? மைஎஸ்க்யூஎல்லில் இந்த லாக்குக்கான காத்திருப்பு எல்லை, நாம் மாற்றாதவரை, 3,15,36,000 வினாடி. அதாவது ஒரு வருடம்! சும்மா கிடக்கும் இணைப்பை 8 மணி நேரத்தில் அறுத்துவிடும் என்று வேறொரு அமைப்பு இருப்பதால் தப்பித்தோம். இல்லையென்றால் புது மெஷின் வாங்கி வைத்தாலும் அதுவும் இதேபோலத்தான் நின்றிருக்கும், இன்னும் வேகமாகக் காத்திருக்க முடியாதே.

குடோன் திரையை மூடினேன். அடுத்த நொடியே ஹார்ட் டிஸ்க் விளக்கு விடாமல் எரிய ஆரம்பித்தது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100. பில்லிங்கும் நகர்ந்தது, கொஞ்சம் மெதுவாக. சுமார் 25 நிமிடத்தில் இன்டெக்ஸ் முடிந்தது. பேட்ச் நம்பரை அடித்தோம். என்டர் தட்டிய விரலை எடுக்கும் முன்னால் கடைகளின் பட்டியல் வந்து நின்றது. மாமா என்னைப் பார்த்த பார்வையில் 52,000 ரூபாய் தெரிந்தது.

உண்மையிலேயே மெதுவாக ஓடினால்?

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லாத் தாமதமும் காத்திருப்பு அல்ல. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் காட்டினால் மெஷின் உண்மையிலேயே உழைக்கிறது என்று பொருள். அப்போதும் பணத்தை எடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த டேட்டாபேஸின் நகலை என் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டு இவற்றைச் சோதித்துப் பார்த்தேன்.

முதலாவது, வரிசைப்படுத்தக் கிடைக்கும் இடம். மெஷினில் 8 ஜிபி ராம் இருந்தாலும் டேட்டாபேஸ் அத்தனையையும் எடுத்துக்கொள்ளாது. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி அமைப்பில் இன்டெக்ஸ் வரிசைப்படுத்த ஆரம்பத்தில் ஒதுக்கப்படுவது 1 எம்பிதான். மாமாவின் பேட்ச் சீட்டு ஒன்றுக்கு 25 பைட் என்று வைத்தால் மொத்தம் 225 எம்பி வரும். சின்ன முக்காலியில் வைத்து அடுக்குவது போல, ஒவ்வொரு எம்பியாக அடுக்கினால் 225 கட்டுகள். அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டே போனால் ஒரே கட்டாக எட்டு சுற்று ஆகும். இடத்தை 64 எம்பி ஆக்கினால் நான்கே கட்டுகள், இரண்டே சுற்று. என் சோதனையில் இந்த ஒரு மாற்றத்தில் நேரம் ஏறக்குறையப் பாதியானது. காசு செலவு இல்லை. பழைய பதிப்புகளில் இதற்குப் பெயர் 'இன்னோடிபி சார்ட் பபர் சைஸ்'. 64 எம்பிதான் இதன் உச்ச வரம்பு. மாற்றியபின் டேட்டாபேஸை நிறுத்தித் தொடங்க வேண்டும். 2021-ல் வந்த 8.0.27 பதிப்பிலிருந்து 'இன்னோடிபி டிடிஎல் பபர் சைஸ்' என்பதைக் கவனிக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துவோருக்கு இதே வேலையைச் செய்வது 'மெயின்டனன்ஸ் வொர்க் மெம்'. அது 64 எம்பியில் தொடங்குகிறது.

இரண்டாவது, தற்காலிக பைல்களுக்கான இடம். அந்தக் கட்டுகளை எல்லாம் டேட்டாபேஸ் தற்காலிக போல்டரில்தான் வைக்கும். விண்டோஸில் அது பெரும்பாலும் சி டிரைவில் இருக்கும். சி டிரைவ் நிரம்பி வழிந்தால் இன்டெக்ஸ் பாதியில் பிழை காட்டி நின்றுவிடும்.

மூன்றாவது, ஆன்டி வைரஸ். டேட்டாபேஸ் எழுதும் ஒவ்வொரு பைலையும் அதுவும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் வேலை இரட்டிப்பாகும். டேட்டாபேஸின் டேட்டா போல்டரையும் அதன் தற்காலிக போல்டரையும் மட்டும் சோதனையிலிருந்து விலக்கி வையுங்கள். ஆன்டி வைரஸையே நிறுத்திவிடாதீர்கள்.

நான்காவது, கேட்கும் முறை. மூன்று இன்டெக்ஸ் தேவையென்றால் மூன்று தனிக் கட்டளை கொடுத்தால் நோட்டை மூன்று முறை படிக்கும். 'ஆல்டர் டேபிள்' என்ற ஒரே கட்டளையில் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் ஒரு முறை படித்தால் போதும். வேறு இடத்திலிருந்து லட்சக்கணக்கான வரிகளைக் கொண்டுவந்து ஏற்றுவதாக இருந்தால் முதலில் ஏற்றுங்கள், பிறகு இன்டெக்ஸ் போடுங்கள்.

இத்தனையும் செய்த பிறகுதான் செலவு. அந்தச் செலவும் முழு மெஷின் அல்ல, ஒரு எஸ்எஸ்டி. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் அங்கும் இங்கும் சிதறிக் கிடப்பதைத் தேடி முள் நகர வேண்டும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் டிஸ்க்கில்கூட வினாடிக்குச் சுமார் நூறு இடங்களுக்குத்தான் அது போய் வர முடியும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது. மாமா கொடுத்த முன்பணத்தைக் கடைக்காரர் எஸ்எஸ்டி விலையில் கழித்துக்கொண்டார். நல்ல மனிதர்.

எல்லாவற்றுக்கும் இன்டெக்ஸ் வேண்டாம்

இன்டெக்ஸின் ருசி கண்டதும் மாமா கேட்டது, "அப்ப எல்லாத்துக்கும் போட்டுடலாமே மாப்ளே?" இது எல்லோருக்கும் வரும் ஆசைதான். ஆனால் ஒவ்வொரு இன்டெக்ஸும் ஒரு தனிச் சீட்டுக் கட்டு. புதிதாக ஒரு வரி எழுதும்போதெல்லாம் ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டு செருக வேண்டும். பத்து இன்டெக்ஸ் இருந்தால் பில் போடுவது மெதுவாகும், டிஸ்க்கும் நிரம்பும். ரொக்கம், கடன் என்று இரண்டே மதிப்பு உள்ள பத்தியில் பாதிப் பாதியாக வரிகள் இருந்தால் இன்டெக்ஸ் போட்டுப் பயனில்லை. அடிக்கடி எதைக்கொண்டு தேடுகிறீர்களோ அதற்கு மட்டும் போடுங்கள்.

எனக்கு டேட்டாபேஸ் எதுவும் இல்லையே, இது எனக்கு எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் விண்டோஸிலேயே ஓர் இன்டெக்ஸ் உருவாகிக்கொண்டிருக்கிறது. பைல்களை வேகமாகத் தேடித் தருவதற்காக அது பின்னணியில் நோட்டைப் படிக்கிறது. புதுக் கம்ப்யூட்டரில் பழைய போட்டோக்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டிய முதல் நாட்களில் டிஸ்க் ஓடிக்கொண்டே இருக்கிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். கண்ட்ரோல் பேனலில் 'இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்' திறந்தால் இதுவரை எத்தனை பைல்கள் முடிந்தன என்று காட்டும். நீங்கள் வேலை செய்யும்போது அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரவில் சில மணி நேரம் விட்டுவைத்தால் முடித்துவிடும். இது தெரியாமல் வாங்கிய வாரமே மெஷின் சரியில்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும்.

யாரைக் குறை சொல்வது?

மெஷின் மலிவாகிவிட்டது, இப்படி உட்கார்ந்து ஆராய்கிற நேரத்தில் புதிது வாங்கிவிடலாம் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. பெரிய கம்பெனிக்கு அது சரியாக இருக்கலாம். ஒரு சின்னக் கடைக்கு 52,000 ரூபாய் என்பது இரண்டு பையன்களின் தீபாவளி போனஸ். அதைவிட முக்கியம், காரணம் தெரியாமல் வாங்கிய புது மெஷினில் அதே காரணம் மறுபடி வந்து உட்காரும்.

சாப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பில்லைப் பார்ப்பதற்காகத் திறந்த டிரான்சாக்‌ஷனை உடனே முடித்துவிடுங்கள். நீண்ட வேலை நடக்கும்போது சுழலும் வட்டத்தை மட்டும் காட்டாதீர்கள். 'குடோன் கம்ப்யூட்டருக்காகக் காத்திருக்கிறேன்' என்று தமிழில் ஒரு வரி வந்திருந்தால் அன்று யாருக்கும் நாலு மணி நேரம் வீணாகியிருக்காது.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பெரிய டேபிளில் கை வைப்பதற்கு முன் பேக்அப் எடுங்கள். கடை மூடிய பிறகு, மற்றத் திரைகளையெல்லாம் மூடிவிட்டு ஆரம்பியுங்கள். நின்றுபோனதாகத் தோன்றினால் ஸ்விட்சைத் தொடாதீர்கள். முதலில் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க்கைப் பாருங்கள். ஓடுகிறதா, பொறுத்திருங்கள். ஓடவில்லையா, பிராசஸ்லிஸ்டில் யாருக்காகக் காத்திருக்கிறது என்று பாருங்கள். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் அந்தப் பட்டியலில் உள்ள எண்ணைப் போட்டு 'கில்' கட்டளை கொடுங்கள்.

இப்போதெல்லாம் யாராவது போன் செய்து மெஷின் ஸ்லோ என்றால், டிஸ்க் எத்தனை சதவீதம் காட்டுகிறது என்று கேட்டுவிட்டுத்தான் மறுவார்த்தை பேசுகிறேன். மாமாவும் அதையே எல்லோரிடமும் கேட்கிறாராம். குடோன் கம்ப்யூட்டர் பக்கத்தில் 'பார்த்ததும் மூடவும்' என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார்.